டர்பனில் விலங்குக் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி: நான்கு மாதம் அலைந்தவர் எழுதும் வழிகாட்டி

பிப்ரவரியில் விண்ணப்பம் போட்டேன். முதல் நாய்க்கூண்டைக் கழுவியது ஜூனில். இடையில் போன நான்கு மாதத்துக்குக் காப்பகத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தது நான்தான். ஊசியை முதலில் போட்டிருக்க வேண்டும், கடைசியில் போட்டேன். கடிதத்தைக் கடைசியில் எழுதியிருக்க வேண்டும், முதலில் எழுதினேன்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா வந்தவர்கள், அவர்களோடு வந்து பகலெல்லாம் வீட்டில் இருப்பவர்கள், ஊரில் தெருநாய்க்குச் சோறு வைத்த பழக்கம் விடாதவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பிறந்து வளர்ந்த தமிழர்கள் முதல் படியைத் தாண்டிவிடலாம். மற்றது எல்லாருக்கும் பொது.

1. விசாவை எடுத்துப் படியுங்கள்

கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாத் தாளில் நிபந்தனை என்று ஒரு வரி இருக்கும். அதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். "சம்பளம் வாங்கப்போவதில்லையே, இதற்கு எதற்கு விசா?" என்றுதான் நானும் கேட்டேன். 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் 'வேலை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. ஆகவே காசு வாங்கவில்லை என்பது மட்டும் பதில் ஆகாது.

பயப்படவும் வேண்டாம். உங்கள் கணவரோ மனைவியோ வேலை பார்க்கும் நிறுவனம் விசா வேலையை ஒரு முகவரிடம் கொடுத்திருக்கும். அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: "இன்ன காப்பகத்தில் வாரம் நான்கு மணி நேரம், ஊதியம் இல்லாமல், கூண்டு கழுவவும் நாய்களை நடத்திக் கூட்டிப்போகவும் விரும்புகிறேன். என் விசாவில் இதற்கு இடம் உண்டா?" தொலைபேசியில் கேட்காதீர்கள். பதில் எழுத்தில் வர வேண்டும், அதை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பதில் வர பதினொரு நாள் ஆனது. காப்பகமும் பின்னால் அதே தாளைக் கேட்டது.

ஊரிலிருந்து இதற்காகவே வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்டுப் பணிக்கென்றே வருகையாளர் விசாவில் ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு இங்குள்ள அமைப்பு தரும் கடிதம் வேண்டும், புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து இறங்கிவிட்டு இங்கிருந்தே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊரில் கால்நடை மருத்துவராக இருந்தவர்களுக்கு இன்னொன்று. தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு இல்லாமல் இங்கே ஊசி போடவோ தையல் போடவோ கூடாது. காப்பகத்தில் ஆசையாகக் கேட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

2. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எஸ்.பி.சி.ஏ. (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) என்ற பெயரை நாடு முழுக்கப் பார்ப்பீர்கள். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மன்றம் ஒன்று மேலே இருக்கிறது, ஆனால் ஒவ்வோர் ஊரின் எஸ்.பி.சி.ஏ.யும் தனித்தனிச் சங்கம். நிதியும் விண்ணப்பப் படிவமும் தனித்தனி. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் நண்பர் "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று சொன்னதை டர்பனில் போய்ச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். முன்மேசைப் பெண் மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார்.

டர்பனில் ஸ்பிரிங்ஃபீல்ட் பார்க்கில் டர்பன் அண்ட் கோஸ்ட் எஸ்.பி.சி.ஏ. இருக்கிறது. மலைமேட்டுப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு க்லூஃப் அண்ட் ஹைவே எஸ்.பி.சி.ஏ., தெற்கே இருப்பவர்களுக்கு அமன்சிம்டோட்டி, உள்நாட்டில் பீட்டர்மாரிட்ஸ்பர்க். கேப் டவுனில் கிராஸி பார்க்கில் கேப் ஆஃப் குட் ஹோப் எஸ்.பி.சி.ஏ. குரங்கு, பறவை, கீரி என்று காட்டுயிர்களில் ஆசை உள்ளவர்கள் டர்பன் யெல்லோவுட் பார்க்கில் உள்ள க்ரோ மறுவாழ்வு மையத்தைப் பார்க்கலாம். ஆனால் அங்கே கொஞ்சுவதற்கு இடமில்லை. மனிதப் பழக்கம் ஒட்டிவிட்டால் அந்த உயிர் காட்டுக்குத் திரும்ப முடியாது. தூக்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் நாய் பூனைக் காப்பகத்தோடு நின்றுகொள்வது நல்லது.

வீட்டுக்கு அருகில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கட்சி. பெரிய இடம், நல்ல இடம் என்று நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பிடித்தால் மூன்றாவது வாரமே "இன்னைக்கு மழை" என்று உட்கார்ந்துவிடுவீர்கள்.

சின்னச் சின்ன மீட்புக் குழுக்கள் நிறைய இருக்கின்றன. நல்லவையும் உண்டு, வசூலுக்கென்றே நடப்பவையும் உண்டு. சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு பெற்ற இலாப நோக்கற்ற அமைப்புக்கு ஒரு பதிவு எண் இருக்கும். அதைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பெரிய பொறி ஒன்றும் இருக்கிறது. "சிங்கக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுங்கள், அநாதைக் குட்டிகளைக் காப்பாற்றுங்கள்" என்று வாரத்துக்கு இவ்வளவு டாலர் என வசூலிக்கும் இடங்கள் இந்த நாட்டில் உண்டு. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தெடுத்து, வந்தவர்கள் கையில் கொடுத்துப் படமெடுக்க வைத்து, வளர்ந்த பின் வேட்டைக்கோ எலும்பு வியாபாரத்துக்கோ விடுவது இங்கே பல காலமாக நடந்துவந்த தொழில். கூண்டில் சிங்கம் வளர்க்கும் இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2021-இல் அரசே அறிவித்தது. குட்டியைத் தொட விடும் இடம் எதுவும் காப்பகம் அல்ல. ஊரிலிருந்து வரும் தங்கை பிள்ளைகள் இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், சொல்லி வையுங்கள்.

3. ஊசியை இந்த வாரமே ஆரம்பியுங்கள்

இதைத்தான் நான் கோட்டை விட்டேன். டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடையே வெறிநோய் இன்னும் இருக்கிறது. நாய் பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவது இங்கே சட்டப்படி கட்டாயம். அப்படியிருந்தும் காப்பகத்துக்கு வரும் நாய் எந்தக் கையிலிருந்து வந்தது, ஊசி போட்டதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் கூண்டுக்குள் போகிறவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி இருக்கிறதா என்று பல இடங்களில் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் முன்தடுப்புக்கு இரண்டு ஊசி போதும் என்கிறது: முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. சில மருத்துவர்கள் 21-ஆம் நாளோ 28-ஆம் நாளோ மூன்றாவதும் போடச் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தவர் அந்த ரகம். ஆக ஒரு மாதம். இதனால்தான் இன்றே ஆரம்பியுங்கள் என்கிறேன்.

"சின்ன வயசுல நாய் கடிச்சு ஊசி போட்டிருக்கேன், அது போதாதா?" நானும் கேட்டேன். அட்டை இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஒருவேளை மீண்டும் தேவைப்படாது. என் அட்டை மதுரையில் எந்தப் பீரோவில் எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறதோ! அம்மா இரண்டு நாள் தேடினாள். கிடைக்கவில்லை. முதலிலிருந்து போட்டேன்.

பெரிய மருந்துக்கடைகளுக்குள்ளேயே செவிலியர் அறை இருக்கும். அங்கே போடுவார்கள், ஆனால் மருந்து எப்போதும் கைவசம் இருக்காது. முன்பதிவு செய்து, மருந்து வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். விலையை மூன்று இடத்தில் விசாரியுங்கள், கடைக்குக் கடை நல்ல வித்தியாசம். மூன்றுக்கும் சேர்த்து எனக்கு ஆயிரத்துச் சொச்சம் ராண்டு போனது. மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், கேட்டேன். அது சேமிப்புக் கணக்கிலிருந்துதான் எடுக்கும் என்றார்கள், அதாவது என் பணமே. டெட்டனஸ் ஊசி பத்து வருடத்துக்கு மேல் பழையது என்றால் அதையும் அதே நாளில் போட்டுக்கொள்ளுங்கள்.

போட்டதும் அட்டையில் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். ரசீதைச் சான்றாகக் காட்டினால் ஏற்கமாட்டார்கள்.

4. காகிதங்களைத் திரட்டுங்கள்

ஊசிகளுக்கு இடையே இருக்கும் நாட்களில் இதைச் செய்யலாம். பொதுவாகக் கேட்பவை: கடவுச்சீட்டு, விசாப் பக்கங்களின் சான்றிட்ட நகல்; வீட்டு முகவரிச் சான்று; ஊசி அட்டை; அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் பெயரும் எண்ணும்; எனக்கு ஏதாவது நேர்ந்தால் காப்பகம் பொறுப்பல்ல என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் படிவம். பிள்ளைகளோடு பழகும் வேலை என்றால் காவல்துறை நற்சான்றிதழும் கேட்கலாம்.

சான்றிட்ட நகலுக்குக் காசு கொடுக்காதீர்கள். எந்தக் காவல் நிலையத்துக்கும் போய் சார்ஜ் ஆபீஸ் மேசையில் கேட்டால் இலவசமாக முத்திரை குத்துவார்கள். அசலும் நகலும் இரண்டும் கையில் இருக்க வேண்டும், நகல் எடுக்கும் இயந்திரம் அங்கே உங்களுக்காகக் காத்திருக்காது. முத்திரையின் தேதி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். பிப்ரவரியில் குத்திய என் முத்திரை ஜூனில் செல்லாமல் போய் மறுபடி குத்தினேன்.

முகவரிச் சான்றில்தான் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்வது. தண்ணீர், மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். எங்கள் வீட்டுக்கார ஆண்டி நல்ல மனுஷி. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார், தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும், ஆனால் என்னைப் பார்த்தால் அந்த நாலையும் சொல்லாமல் விடமாட்டார். அவர் கொடுத்த பில்லைப் பார்த்தால் அவருடைய மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். "அதை மாத்தணும் மா, மாத்தணும்" என்றார், இன்னும் மாற்றவில்லை.

இதற்கு வழி: வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஒன்று, "இன்னார் இன்ன முகவரியில் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் சார்ஜ் ஆபீஸில் தரும் உறுதிமொழித் தாள் ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். இதிலும் ஒரு பொறி: உறுதிமொழித் தாளில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகக்கூடாது. காவலர் கண் முன்னால்தான் போட வேண்டும். ஆண்டி வீட்டிலேயே அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவரையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை போனேன். அன்று அவர் வழியெல்லாம் பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் பண்டம்) பற்றியே பேசிக்கொண்டு வந்ததால் திரும்பும்போது வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதையும் செலவில் சேருங்கள்.

இன்னொரு வழி, உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கை. அதில் இந்த முகவரி இருந்து, மூன்று மாதத்துக்குள் அச்சிட்டதாக இருந்தால் பல இடங்களில் போதும்.

காவல்துறை நற்சான்றிதழ் கேட்டால் மட்டும் எடுங்கள். காவல் நிலையத்தில் விரல்ரேகை வைத்துப் பணம் கட்ட வேண்டும், அது பிரிட்டோரியாவில் உள்ள குற்றப் பதிவு மையத்துக்குப் போய்வர வாரக்கணக்கில் ஆகும். நான் எடுத்தபோது இருநூறு ராண்டுக்குள்தான். கேட்காத இடத்துக்கு ஆர்வத்தில் எடுத்து வைத்தால் வீண், அதற்கும் தேதி காலாவதி உண்டு.

5. இப்போது கடிதம் எழுதுங்கள்

எல்லாம் கையில் வந்த பின் எழுதுங்கள். நான் முதலில் எழுதிய கடிதம் இரண்டு பக்கம். சின்ன வயதில் வளர்த்த மணி என்ற நாயிலிருந்து ஆரம்பித்திருந்தேன். மூன்று வாரம் பதிலே இல்லை. இரண்டாவது கடிதம் ஐந்து வரி: பெயர், குடியிருக்கும் பகுதி, எந்த நாள் எத்தனை மணி நேரம் வரமுடியும், எத்தனை மாதம் தொடர்ந்து வருவேன், ஊசியும் காகிதமும் தயார். இரண்டு நாளில் பதில்.

அவர்களுக்குப் பாசம் நிறையவே வந்து குவிகிறது. வருகிறேன் என்று சொன்ன நாளில் வருகிற ஆள்தான் பஞ்சம். ஆகவே "எப்ப வேணா வரேன்" என்று எழுதாதீர்கள். "செவ்வாய் காலை 8 முதல் 12" என்று எழுதுங்கள்.

அறிமுக வகுப்பு பல இடங்களில் மாதம் ஒருமுறைதான், பெரும்பாலும் சனிக்கிழமை. தவறவிட்டால் அடுத்த மாதம். நான் இரண்டைத் தவறவிட்டேன்: ஒன்று முகவரிச் சான்றால், ஒன்று ஊசியால். நான்கு மாதக் கணக்கில் பாதி அங்கேதான் போனது. வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், பல இடங்களில் பெற்றோரும் கூடவே இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளியில் சமூகப்பணி நேரம் கேட்கிறார்கள் என்றால் அதற்கான தாளை முதல் நாளே கொண்டுபோங்கள். வருடக் கடைசியில் போய்ப் பழைய மணிக்கணக்கைக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

6. உடுப்பும் வண்டியும்

கம்பூட் எனும் முழங்கால் உயர ரப்பர் காலணி ஒரு ஜோடி, கிழிந்தாலும் கவலையில்லாத முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, தண்ணீர் புட்டி, தொப்பி. கம்பூட்டை விவசாயப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள், பெரிய அங்காடியைவிட மலிவு. துப்பட்டா வேண்டாம், கொலுசு வேண்டாம், தொங்கும் காதணி கண்டிப்பாக வேண்டாம். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள்ளே போட்டு மேல் பொத்தான் போட்டுக்கொள்ளுங்கள். நாய் மேலே தாவும்போது நகம் முதலில் மாட்டுவது கழுத்தில்தான்.

வண்டி இல்லாதவர்கள் போகவர ஊபர் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள். எனக்கு மாதச் செலவில் பெரியது இதுதான். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ரிசர்வாயர் ஹில்ஸ்காரர், இரண்டாவது மாதத்திலிருந்து அவர் காரில் போகிறேன், பெட்ரோலில் பாதி என்னுடையது. திரும்பும்போது உங்கள் மேல் வீசும் வாடைக்கு ஊபர்க்காரர் மதிப்பெண்ணைக் குறைப்பார். மாற்று உடுப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

7. முதல் சில வாரம்: கழுவுவதுதான் வேலை

நாய்களைக் கொஞ்ச விடுவார்கள் என்று போனால் ஏமாற்றம்தான். முதல் மூன்று வாரம் நான் துவைத்த போர்வைகளுக்குக் கணக்கில்லை. கூண்டு கழுவும் முறையைச் சொல்கிறேன், தெரிந்துகொண்டு போனால் மரியாதை.

கூண்டுக்கு உள்ளறை, வெளியறை என்று இரண்டு இருக்கும். நாயை ஒரு பக்கம் விட்டு நடுக்கதவை இறக்கித் தாழ் விழுந்ததா என்று கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் மலத்தை அள்ளுவது. நேரே குழாயை அடித்தால் அது சுவரெல்லாம் தெறிக்கும், நான் அடித்தேன். பிறகு தண்ணீர், சோப்பு, தேய்ப்பு. அப்புறம் கிருமிநாசினி, பல இடங்களில் எஃப்10 வைத்திருப்பார்கள். அதை ஊற்றியவுடன் கழுவிவிடக் கூடாது, சொல்லும் நிமிடம் வரை ஊற வேண்டும். கடைசியாக ரப்பர் வைத்த தள்ளுகட்டையால் தண்ணீரை ஒட்ட இழுத்து உலர்த்துவது. ஈரத்தில் படுத்தால் நாயின் பாதமும் வயிறும் புண்ணாகும்.

வரிசையும் முக்கியம்: குட்டிகள் கூண்டு முதலில், நோய்க்கூண்டு கடைசியில். மாற்றினால் பார்வோ என்ற கொடிய நாய் நோய் பரவும். அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், செருப்போடு உங்கள் வீட்டுக்கும் வரும். வீட்டில் ஊசி முடியாத குட்டி இருந்தால் கம்பூட்டைக் காப்பகத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் கழுவ வேண்டியிருந்தால் ஒரு பங்கு ஜிக்குக்கு (இங்கே விற்கும் பிளீச்) முப்பது பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கைக் கழுவிய பின் பத்து நிமிடம் ஊறவையுங்கள்.

சைவக்காரர்களுக்கு: நாய் உணவு கலக்கும் அறையின் வாடை உங்களுக்கு ஆகாது. "எனக்கு இது வேண்டாம், துணி துவைக்கிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. சொல்லாமல் வாந்தி எடுத்தவரைப் பார்த்திருக்கிறேன்.

காப்பகத்தை உண்மையில் நடத்துகிறவர்கள் கூண்டுப் பணியாளர்கள். நான் போகுமிடத்தில் பெரும்பாலோர் சூலு பேசுகிறவர்கள். போனவுடன் 'சவுபோனா' என்று சொல்லுங்கள். வயதான ஆணை 'பாபா' என்றும் பெண்ணை 'மாமா' என்றும் அழைப்பது மரியாதை. அறுபது வயது அம்மாளை முதல் தடவை "மாமா" என்று கூப்பிட எனக்கு வாய் வரவே இல்லை, சிரிப்புதான் வந்தது. இப்போது பழகிவிட்டது. போன மாதம் தொலைபேசியில் என் சொந்த மாமாவிடம் பேசும்போது ஒரு நொடி தடுமாறினேன்.

நாய்களுக்கும் அதே மொழிதான். நான் "வாடா, வாடா கண்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருந்த காவி நிற நாய் ஒன்று மூலையை விட்டு அசையவில்லை. மாமா வந்து கதவருகில் நின்று, குரலை உயர்த்தாமல் "வோஸா" என்றார். எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. 'வோஸா' என்றால் வா, 'ஹ்லாலா' என்றால் உட்கார். இந்த இரண்டையும் கற்றுக்கொண்டு போங்கள்.

8. கடித்தால்

சின்னப் பல் பட்டாலும் மறைக்காதீர்கள். மறைத்தால் நாய்க்கும் நல்லதல்ல, உங்களுக்கும் அல்ல. உடனே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். பிறகு பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

முன்தடுப்பு ஊசி போட்டிருந்தால் கடித்த பின் இரண்டு ஊசி போதும், முதல் நாளும் மூன்றாம் நாளும். போடாதவர்களுக்கு ஊசிகள் கூடுதல், காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புரதமும் வேண்டும். அது எல்லா இடத்திலும் கிடைக்காது. மூன்றாம் படியில் அவ்வளவு வற்புறுத்தியதற்கு இதுவே காரணம். அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணியையும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை இடம், அக்குள், காதுப் பின்புறம் பாருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் கடுமையான தலைவலி, காய்ச்சல், கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் காப்பகத்தில் வேலை செய்வதைச் சொல்லுங்கள். மருந்து இருக்கிறது, சீக்கிரம் கேட்கும்.

9. படம் எடுப்பதும், காலிக் கூண்டும்

அனுமதி இல்லாமல் எந்த விலங்கையும் படமெடுத்துப் போடாதீர்கள். கொடுமை வழக்கில் பறிமுதல் செய்த நாய் நீதிமன்றச் சாட்சியம் மாதிரி. தொலைந்து வந்த நாயின் படத்தைப் போட்டால் "என்னுடையது" என்று நாலு பேர் வருவார்கள், அதில் ஒருவர்கூடச் சொந்தக்காரராக இல்லாமல் போகலாம். அதேபோல் பக்கத்துத் தெருவில் யாரோ நாயைக் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் நீங்கள் போய்ச் சண்டை போடாதீர்கள். அதிகாரம் பெற்ற ஆய்வாளர் இருக்கிறார், 1962-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. முகவரியைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆகவே சொல்கிறேன். வருகிற எதையும் திருப்பி அனுப்பாத காப்பகத்தில் எல்லா விலங்கும் வீடு போய்ச் சேராது. கூண்டுக் கதவில் நாயின் அட்டை தொங்கும்: வந்த தேதி, எங்கே கிடைத்தது, குணம். அடுத்த வாரம் போகும்போது அட்டை இருக்காது, கூண்டு கழுவி உலர்ந்திருக்கும். தத்துப் போயிருக்கலாம், சொந்தக்காரர் வந்திருக்கலாம், மருத்துவர் கருணைக்கொலை செய்திருக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் உண்டு, கேட்காமல் இருக்கிற ஆள் உண்டு. நான் கேட்பதில்லை. "ஏன் செய்தீர்கள்?" என்று முன்மேசையில் சண்டை போட்ட ஒருவரை அடுத்த வாரத்திலிருந்து காணவில்லை. அவர் கழுவ வேண்டிய எட்டுக் கூண்டையும் மாமா கழுவினார்.

10. வீட்டுக்குக் கொண்டுவர ஆசை வந்தால்

வரும். ஆறு மாதம் பொறுங்கள். தத்தெடுக்க வீட்டுக்காரரின் எழுத்து அனுமதி வேண்டும், வீட்டுச் சுவரையும் கேட்டையும் நேரில் வந்து பார்ப்பார்கள், கட்டணமும் உண்டு. வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது அந்த நாயை என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள். இந்தியாவுக்குள் கொண்டுபோக விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும், விமானச் செலவு உங்கள் டிக்கெட்டைவிடப் பெரிதாக இருக்கும். ஊருக்குப் போகிறவர்கள் கொண்டுவந்து விட்ட நாய்களும் காப்பகத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குத் தயிர்சாதம் பிடிக்கும் என்று அட்டையிலேயே எழுதியிருந்தது.

தற்காலிகமாக வளர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு. குட்டிகளையோ அறுவை முடிந்த பூனையையோ சில வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நம்மைப் போல் நிலையில்லாமல் இருப்பவர்களுக்கு அது தோது.

11. தீபாவளி வாரம் விடுப்பு எடுக்காதீர்கள்

நாம் கோலம், பலகாரம் என்று இருக்கும் வாரத்தில்தான் காப்பகம் நிரம்பும். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு சுவர் தாண்டி ஓடிய நாய்கள் மறுநாள் காலை வரிசையாக வந்து சேரும். அதை ஒட்டியே நவம்பர் 5, ஆங்கிலேயர் வழக்கப்படி வெடி வெடிக்கும் கை ஃபாக்ஸ் இரவு, அப்புறம் புத்தாண்டு. தீபாவளிக்கு முதல் வாரம் உங்கள் தெருவில் நாய் வளர்ப்பவர்களிடம் கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் எழுதச் சொல்லுங்கள், அன்று இரவு நாயை வீட்டுக்குள்ளே வைத்துத் தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கச் சொல்லுங்கள். வந்து சேரும் நாய்களில் சொந்தக்காரர் வந்து கூட்டிப்போவது பெரும்பாலும் பட்டையில் எண் உள்ளவற்றைத்தான்.

போன தீபாவளிக்கு மறுநாள் காலை ஏழரைக்குப் போனேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை இன்னும் காயவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு பக்கி (பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி) நின்றிருந்தது, பின்னால் மூன்று நாய்கள், ஒன்றின் கழுத்தில் சாமந்தி மாலை. நாயைக் கட்டும் லீட் பத்தாமல் ஒன்றை என் பெல்ட்டைக் கழற்றிக் கட்டித்தான் உள்ளே கொண்டுபோனோம். அந்த வாரம் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் பழைய லீட், கயிறு, துண்டு எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள்.